நண்டு தனியாக ஊதிய பத்து நிமிடம்

அவளுக்கு நண்டு என்று பெயர் வைத்தவர் தபால்காரர். கேலிக்கு வைத்ததுதான், ஆனால் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. கூடைப்பந்து ஆட்டத்தில் வளையத்துக்குப் பின்னால், கோட்டுக்கு வெளியே, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, முகத்தை ஆட்டத்திலிருந்து எடுக்காமல் இடமும் வலமுமாக அவள் நகர்வதைப் பார்த்த எவருக்கும் வேறு பெயர் வாயில் வராது. முதலில் ஆட்டக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். கொஞ்ச நாளில் நேருக்கு நேரே "நண்டு அக்கா" என்றார்கள். ஒருமுறை கூடைப்பந்துச் சங்கத்துச் செயலாளரே அட்டவணையில் நடுவர் பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் கை தவறி அப்படியே எழுதி ஒட்டிவிட்டார். அவள் திருத்தச் சொல்லவில்லை.

பிழைப்புக்கு அவள் ஒரு காகிதக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினாள். இரண்டு ஆள் உயரத்துக்கு அடுக்கிய காகித உருளைகளுக்கு நடுவே சந்து சந்தாகப் போய், ஓர் உருளையை அலுங்காமல் எடுத்து லாரியில் வைக்கிற வேலை. காலை ஏழு மணிக்கு வண்டியில் ஏறினால் மூன்று மணிக்கு இறங்குவாள். புருஷன் வீட்டுக்கு நாலு கடை தள்ளி சலூன் வைத்திருந்தார். மாடியில் நாத்தனார். அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒற்றுமையாக இருப்பதைப் பார்த்துத் தெருவில் பலருக்கு வயிற்றெரிச்சல்.

நண்டு ஒரு காலத்தில் நன்றாக ஆடியவள். கிடங்கு அணிக்குப் பந்தை முன்னே கொண்டுபோகிறவள் அவள்தான். இருபத்தொன்பது வயதில் ஒரு நாள் துள்ளிக் குதித்து இறங்கும்போது முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது. அறுவை சிகிச்சை செய்த டாக்டர், "நடக்கலாம், ஓடலாம், திடீர்னு திரும்பித் திரும்பிக் குதிக்கிறது மட்டும் வேண்டாம்" என்றார். கூடைப்பந்தில் திரும்பாமல் குதிக்காமல் என்னத்தை ஆடுவது? ஆறு மாதம் மைதானம் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை, வேலை செய்கிற பெண்களுக்கான லீக் ஆட்டம். நடுவர் ஒருவர் வரவில்லை. சும்மா வேடிக்கை பார்க்கப் போனவள் தலையில் விசிலைக் கட்டிவிட்டார்கள். "உனக்குத் தெரியாத ஆட்டமா, ஊது" என்றார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

அன்றைக்கு அவள் நாற்பது நிமிடமும் பந்தை மட்டுமே பார்த்தாள். பந்து போன இடமெல்லாம் கண் போனது, கண் போன இடமெல்லாம் கால் போனது. மூன்றாம் கால் பகுதியில், பந்து ஒரு பக்கம் இருக்க, மறுபக்கத்தில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். யாரோ முழங்கையால் இடித்ததில் முன்பல் இரண்டு கையோடு வந்துவிட்டது. யார் இடித்தது, எப்படி இடித்தது என்று எல்லோரும் நண்டின் முகத்தைப் பார்த்தார்கள். அவளுக்குத் தெரியவில்லை. கூட ஊதிய நடுவருக்கும் தெரியவில்லை. அவரும் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பத்துப் பேர் ஆடுகிற இடத்தில் இரண்டு பேரும் ஒரே பந்தைப் பார்த்திருந்தார்கள், மீதி ஒன்பது பேரைப் பார்க்க நாதியில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் இப்படி உட்கார்ந்து சலூன்காரர் பார்த்ததில்லை.

"நீ இடிச்சியா என்ன?" என்றார்.

"நான் பாக்கல. அது இடிச்ச மாதிரிதான்."

மறுநாள் சங்க அலுவலகத்துக்குப் போய் நடுவர்களுக்கான கையேட்டை வாங்கி வந்தாள். சாப்பாட்டு மேசையில் சாக்பீஸால் மைதானம் வரைந்தாள். தையல் டப்பாவிலிருந்து பத்துச் சட்டைப் பொத்தான்களை எடுத்து ஆட்டக்காரர்களாக வைத்தாள். அஞ்சு வெள்ளை, அஞ்சு கறுப்பு. சலூன்காரர் எதிரே உட்கார்ந்து பொத்தான்களை நகர்த்த வேண்டும், அவள் இரண்டு தீக்குச்சிகளை நடுவர்களாக நகர்த்துவாள்.

"இதுல பந்து எது?" என்று கேட்டார் அவர்.

"பந்து வைக்கல."

"பந்து இல்லாம என்ன ஆட்டம்?"

"அதைத்தாங்க கத்துக்கணும்."

விஷயம் கேட்க எளிது. நடுவர் இரண்டு பேர். பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஒருவர் முன்னாலேயே ஓடிப்போய் வளையத்துக்குப் பின்னால் கோட்டுக்கு வெளியே நிற்பார். அவர் முன்னவர். மற்றவர் எல்லாருக்கும் பின்னால் மெதுவாக வந்து, நடுக்கோட்டுக்கும் வளையத்துக்கும் இடையே பக்கவாட்டில் நிற்பார். அவர் பின்னவர். பந்து மறுபக்கம் திரும்பினால் பின்னவர் முன்னவராகிவிடுவார், முன்னவர் பின்னவராகிவிடுவார். மைதானத்தை இரண்டு பேரும் பங்கு பிரித்துக்கொள்வார்கள். பந்து என் பங்கில் இருந்தால் பந்தைச் சுற்றி நடப்பது என் பொறுப்பு. உன் பங்கில் இருந்தால் நான் பந்தைத் திரும்பியும் பார்க்கக் கூடாது, பந்து இல்லாதவர்கள் ஒருவரையொருவர் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கோடுகளும் அப்படித்தான், ஆளுக்கு இரண்டு.

கேட்க எளிது, செய்யத்தான் உயிர் போகும். ஆயிரம் பேர் பந்தைப் பார்த்து ஆர்ப்பரிக்கிறபோது நம் கண் மட்டும் வேறு எங்கோ இருக்க வேண்டும். இரண்டு பேர் உரசிக்கொண்டு நிற்கும்போது அவர்களைப் பார்த்தால் போதாது, அவர்களுக்கு நடுவே உள்ள இடைவெளி தெரிகிற இடத்தில் போய் நிற்க வேண்டும். கிட்டே போனால் நன்றாகத் தெரியும் என்று நினைத்தால் அதுவும் தப்பு. மூக்கு முட்ட நின்றால் முதுகுதான் தெரியும். ஓரடி இடப்பக்கம் வைத்தால் தள்ளியது யார் என்று தெரியும், அந்த ஓரடியை வைக்காதவர் ஊகித்து ஊத வேண்டியதுதான். நண்டு அந்த ஓரடியைப் பழகவே இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டாள். கிடங்கு விட்டதும் காலி மைதானத்துக்குப் போய், யாருமே ஆடாத ஆட்டத்துக்கு நடுவராக அரை மணி நேரம் ஓடுவாள். காவலாளி முதலில் பயந்துபோனார். அப்புறம் பழகிவிட்டார்.

தபால்காரர் அவளுக்கு ஜோடியாக வந்து சேர்ந்தது இந்த நாட்களில்தான். நெடுநெடு என்று வளர்ந்த மனிதர், அவளைவிட ஐந்து வயது மூத்தவர். நாள் முழுக்கத் தெருத் தெருவாக நடக்கிறவர் என்பதால் ஓட்டம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. இருவரும் சேர்ந்து ஊதிய மூன்றாவது ஆட்டத்தில் மானம் கப்பலேறியது. ஒருவன் பந்தோடு வளையத்தை நோக்கிப் பாய்ந்தான், குறுக்கே நின்றவன் மல்லாந்து விழுந்தான். இரண்டு விசிலும் ஒரே நேரத்தில் ஒலித்தன. நண்டு, குறுக்கே நின்றவன் மேல் தப்பு என்று கை காட்டினாள். தபால்காரர், பாய்ந்தவன் மேல் தப்பு என்று கை காட்டினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. கூட்டம் சிரித்த சிரிப்பில் மேலே தகரக் கூரை அதிர்ந்தது.

ஆட்டம் முடிந்து படியில் உட்கார்ந்தபோது தபால்காரர் சொன்னார், "நாம ரெண்டு பேரும் இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணினா சர்க்கஸ்ல சேத்துக்குவாங்க."

"அண்ணா, இனிமே ரெண்டு விசில் கேட்டா கையை மட்டும் தூக்குவோம். சைகை வேண்டாம். முதல்ல கண்ணைப் பாப்போம்."

"பாத்துட்டு?"

"ஆட்டம் யாரைப் பாத்து வருதோ, அவங்க முடிவு. மத்தவங்க வாயைத் திறக்கக் கூடாது."

"உன்னைப் பாத்து வந்தா நான் வாயை மூடணும்."

"ஆமா. உங்களைப் பாத்து வந்தா நான் மூடுவேன்."

"நீ மூடுவேங்கிறதை நான் பாத்துட்டுத்தான் நம்புவேன்" என்றார். ஆனால் அதன் பிறகு பன்னிரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட அவர்கள் கை இரண்டு விதமாகக் காட்டியதில்லை. அவள் தலையைச் சற்றுச் சாய்த்தால் 'வளையத்துக்குக் கீழே இருக்கிற தடியன்களை நான் பாத்துக்கறேன்' என்று அர்த்தம். அவர் விரலை மடக்கினால் 'அந்த மூலை இப்போ என்னுது' என்று அர்த்தம். பேச்சே தேவைப்படவில்லை.

பெண்கள் ஆட்டங்களில் அவள் பேர் வாங்கினாள், இளைஞர் ஆட்டங்களிலும் வாங்கினாள். ஆண்கள் லீக் இறுதிப் போட்டி என்று வரும்போது மட்டும் தேர்வுக் குழுவில் இருந்தவர் இழுத்தார். பருத்த மனிதர், நல்லவர்தான், சந்தேகம் மட்டும் அதிகம்.

"ஆம்பளைங்க ஆட்டம்மா. வேகம் வேற மாதிரி இருக்கும். முழங்கால் வேற உங்களுக்கு... ஓடிட முடியுமா?"

"போய் நிக்க வேண்டிய இடம் முன்கூட்டியே தெரிஞ்சா பாதி ஓட்டம் மிச்சம் சார்."

"மீதிப் பாதி?"

"அதை இப்பவே ஓடிக் காட்டட்டுமா?"

ஓடிக் காட்டினாள். ஒலிப்பெட்டி பீப் அடிப்பதற்குள் இருபது மீட்டர் ஓட வேண்டும், பீப் இடைவெளி குறைந்துகொண்டே வரும். அன்று ஓடிய பதினோரு பேரில் கடைசிவரை தாக்குப்பிடித்த மூன்று பேரில் அவளும் ஒருத்தி. அவளுக்கு முன்னாலேயே தேர்வுக் குழுக்காரரின் சொந்தத் தம்பி மூச்சிரைக்க விலகிப் போனான். அந்த வருஷமே இறுதிப் போட்டி அட்டவணையில் அவள் பெயர் ஏறியது. பக்கத்துக் கட்டத்தில் தபால்காரர்.

அப்போது அவளுக்கு வயது நாற்பத்துமூன்று.

இறுதிப் போட்டி பஸ் டிப்போ அணிக்கும் மருத்துவமனை ஊழியர் அணிக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி. உள்ளரங்கம் நிரம்பி, படிகளிலும் ஆட்கள். ஸ்கோர் மேசையில் கடிகாரத்துக்கு உட்கார்ந்தவள் நாத்தனார். எட்டு வருஷமாக அவள்தான் நேரக் காப்பாளர். மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிப் பழகிய கை, தவறாது. "வீட்லயும் நான் லேட்டா வந்தா நேரம் குறிக்கிறவ இவதான், இங்கயும் இவதான்" என்று நண்டு சொல்வாள். நாத்தனார் அதற்குக் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சிரிப்பாள்.

மூன்று கால் பகுதிகள் அடிதடி இல்லாமல், ஆனால் விட்டுக்கொடுக்காமல் நடந்தன. மூன்றாவதின் கடைசி நொடிகளில் டிப்போக்காரன் ஒருவன் வெளியே போகும் பந்தைப் பிடிக்கப் பாய்ந்து தரையில் வழுக்கிக்கொண்டு வந்தான். பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்த தபால்காரர் அவனைப் பார்க்கவில்லை. காலில் சிக்கி விழுந்தார். எழுந்து நிற்கப் பார்த்தார், கணுக்கால் ஒத்துழைக்கவில்லை. ஹாரன் அடித்தபோது பலகையில் இரண்டு பக்கமும் நாற்பத்தெட்டு.

மருத்துவமனை அணியிலேயே எலும்பு முறிவுப் பிரிவில் வேலை செய்கிறவன் ஒருவன் இருந்தான். ஓடிவந்து காலைத் தொட்டுப் பார்த்தான். "உடையல. ஆனா இன்னைக்கு ஓட முடியாது."

நடுவருக்கு அடிபட்டால் ஐந்து நிமிடம் பார்க்கலாம், அதற்குமேல் காத்திருக்கக் கூடாது என்பது விதி. மாற்று நடுவர் யாரும் அரங்கில் இல்லை. செயலாளர் விழி பிதுங்கி நின்றார். பார்வையாளர்களில் ஒருவர் முன்பு ஊதியவராம், அவரைக் கூப்பிடலாமா என்றார். அவர் அணிந்திருந்த சட்டையில் மருத்துவமனையின் பெயர் இருந்தது. டிப்போ பயிற்சியாளர், கட்டைக் குரல்காரர், "அதுக்கு அவங்க கோச்சையே ஊதச் சொல்லலாமே" என்றார். இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றது ஒரு குரல். கூட்டம் கத்த ஆரம்பித்தது.

நண்டு தண்ணீர் குடித்துவிட்டுச் செயலாளரிடம் வந்தாள்.

"விதியில இருக்கு சார். மீதி இருக்கிற நடுவர் தனியா நடத்தலாம்."

"பத்து நிமிஷம்மா. ஃபைனல். தனியா முடியுமா?"

"முடியும். ரெண்டு கோச்சையும் ரெண்டு கேப்டனையும் கூப்பிடுங்க."

நால்வரும் வந்தார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை. "நாலு கண்ணு பாத்ததை இனி ரெண்டு கண்ணு பாக்கப் போகுது. எல்லாத்தையும் பாப்பேன்னு பொய் சொல்ல மாட்டேன். பாக்காததை ஊத மாட்டேன். பாத்ததை விட மாட்டேன். உங்க பசங்ககிட்ட இதை இப்படியே சொல்லிடுங்க."

நாற்காலியில் காலை நீட்டி, கணுக்காலில் ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்த தபால்காரரைத் தாண்டிப் போனாள். "எங்க நிக்கப் போறே?" என்றார் அவர்.

"அதைத்தான் யோசிக்கறேன்" என்றாள்.

உண்மையிலேயே யோசிக்க வேண்டிய விஷயம். முன்னவராக வளையத்துக்குப் பின்னால் நின்றால், பந்து பறிபோய் எதிர்ப்பக்கம் ஓடும்போது அவள் எல்லாருக்கும் கடைசியாகப் போய்ச் சேர்வாள். பின்னவராக நடுக்கோட்டருகே நின்றால் வளையத்தடியில் நடக்கிற தள்ளுமுள்ளு மூட்டமாகத்தான் தெரியும். இரண்டும் வேண்டாம் என்று முடிவு செய்தாள். பக்கவாட்டுக் கோட்டருகே, ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு நேராக ஓர் இடத்தைப் பிடித்தாள். அங்கிருந்து பத்துப் பேரும் ஒரே பார்வைக்குள் வந்தார்கள். எதிர்க்கோடும் எதிர்மூலையும் தூரம்தான். அதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எதை விடுவது என்று முடிவு செய்யாதவன் எல்லாவற்றையும் கோட்டை விடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

ஆட்டம் தொடங்கிய இரண்டாவது நிமிடமே சோதனை வந்தது. எதிர்க்கோட்டருகே மூன்று கைகள் பந்துக்குப் போட்டியிட, பந்து வெளியே போனது. கடைசியாகத் தொட்டது யார் என்று அவளுக்குத் தெரியவில்லை, நடுவே இரண்டு முதுகுகள். எங்களுக்கு, எங்களுக்கு என்று இரண்டு பக்கமும் கை தூக்கினார்கள். அவள் விசில் ஊதி இரண்டு கட்டைவிரலையும் உயர்த்தினாள். யார் பந்து என்று தெரியாதபோது முறை வைத்துக் கொடுக்கிற வழக்கம், மேசையில் உள்ள அம்புக்குறி யார் முறை என்று காட்டும். அம்பு மருத்துவமனையைக் காட்டியது.

கட்டைக் குரல் வெடித்தது. "பாக்கலைன்னா என்ன நடுவர்?"

"பாக்காமலே ஊதுற நடுவர் வேணுமா உங்களுக்கு?" என்றாள் ஓடியபடியே. அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஆட்டக்காரர்கள் அதைக் கவனித்தார்கள். ஊகத்தில் எதையும் தர மாட்டாள் என்று புரிந்தபிறகு வெறுமனே கை தூக்குவது குறைந்தது.

ஆனால் வேறொன்று தொடங்கியது. டிப்போ அணியில் ஆறரை அடி மனிதன் ஒருவன் இருந்தான், மெக்கானிக். மருத்துவமனை அணியின் சிறந்த எறிகாரனுக்குக் காவல். பந்து ஒரு பக்கம் இருக்கும்போதெல்லாம் மறுபக்கத்தில் எறிகாரன் எங்கோ சிக்கிக்கொள்கிறான், பந்து வாங்க நேரத்துக்கு வரமாட்டேன் என்கிறான். அவன் வரும்போது சட்டையின் வலது ஓரம் மட்டும் காற்சட்டைக்கு வெளியே தொங்குகிறது. அவன் அதை உள்ளே சொருகுகிறான். அடுத்த முறையும் அதே ஓரம், அதே தொங்கல். நண்டு இரண்டு முறை பார்த்தாள், மூன்றாவது முறை முடிவு செய்தாள்.

அந்த முறை மருத்துவமனைக்காரன் ஒருவன் பந்தைத் தட்டிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டினான். அவனைச் சுற்றி ஆளில்லை, அடுத்த இரண்டு நொடி அங்கே எதுவும் நடக்க வழியில்லை. அரங்கம் முழுக்க அவனைப் பார்த்துக்கொண்டிருக்க, நண்டு அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். தனியாக ஊதுகிற நடுவர் பந்துக்கு முதுகு காட்டுவதா என்று தபால்காரரே நாற்காலியில் நிமிர்ந்துவிட்டார். திரும்பியவள் கண்ணுக்கு நேரே மெக்கானிக்கின் கை. ஒரு பிடி சட்டை அந்தக் கைக்குள். விசில் அடித்தது. அவன் கையை விடக்கூட மறந்துவிட்டான்.

"அது எப்படி..." என்று ஆரம்பித்தான்.

"சட்டையை விட்டுட்டுக் கேளு" என்றாள்.

பக்கத்தில் நின்ற டிப்போக்காரர்களே சிரித்துவிட்டார்கள். அதற்குமேல் இரண்டு அணியிலும் ஒருவரும் மறைவில் வேலை காட்டவில்லை. அவள் எப்போது எந்தப் பக்கம் திரும்புவாள் என்று யாருக்கும் தெரியாது. முழங்கால் வலித்தது. அதை ஆட்டம் முடிந்த பிறகு கவனித்துக்கொள்ளலாம்.

கடைசி ஆறு நொடிகள். மருத்துவமனை அறுபத்தாறு, டிப்போ அறுபத்தைந்து. டிப்போ டைம் அவுட் கேட்டது. மேசைக்கு எதிர்ப்பக்கக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறிய வேண்டும். நண்டு மேசைக்கு வந்தாள்.

"என் விசில் கேட்ட நொடி நிறுத்தணும். கூட்டம் கத்தும், விசில் காதுல விழாது. என் கையைப் பாரு."

"உங்க கையைத் தவிர வேற எதையும் பாக்கமாட்டேன், அண்ணி" என்றாள் நாத்தனார்.

நண்டு கணக்குப் போட்டாள். பந்து டிப்போவின் இடக்கைக்காரனுக்குத்தான் வரும், டிரைவர், அவர்களில் வேகமானவன். இடக்கைக்காரன் இடப்பக்கம்தான் போவான். அவனுக்கு இடப்பக்கம் என்றால் பந்து எறியப்படுகிற இந்தக் கோட்டுப் பக்கம். அவனுக்குக் காவலாக நின்றவன் இந்தக் கால் பகுதி முழுக்க அவனை நடுவுக்கு விடாமல் ஓரமாகத்தான் ஒதுக்கிக்கொண்டிருந்தான். ஆகவே ஆட்டம் இந்த மூலைக்குத்தான் வரும். அவள் பந்தை எறிபவன் கையில் நேராகக் கொடுக்கவில்லை. நாலு அடி தள்ளி, வளையத்துப் பக்கமாக நின்றுகொண்டு, தரையில் தட்டி அனுப்பினாள்.

பந்து உள்ளே போனது. டிரைவர் வாங்கினான், வலப்பக்கம் போவதுபோல் தோளைக் காட்டிவிட்டு இடப்பக்கம் பாய்ந்தான். நண்டு அவனுக்கு முன்பாகவே பக்கவாட்டில் கீழே இறங்க ஆரம்பித்திருந்தாள். முகம் ஆட்டத்தில், கால் மூலையை நோக்கி. காவல்காரன் அவனை ஒதுக்கினான். டிரைவர் கிடைத்த சந்தில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு கடைக்கோட்டை ஒட்டி உள்ளே நுழைந்தான். அப்போது நண்டு மூலைக்கு வெளியே, கோட்டின் நீளம் முழுவதையும் கண்ணால் அளக்கிற இடத்தில் நின்றாள். அவன் இடது கால் ஊன்றியது. பாதத்தின் வெளி ஓரம் வெள்ளைக் கோட்டின் மேல் இருந்தது.

விசில் அடித்தாள், கையை உயர்த்தினாள். அவன் எம்பினான், எறிந்தான், பந்து பலகையில் பட்டு வளையத்துக்குள் விழுந்தது. அரங்கம் எழுந்து நின்றது. டிப்போ பெஞ்சில் இருந்தவர்கள் மைதானத்துக்குள் ஓடி வந்துவிட்டார்கள். விசில் பாதிப் பேர் காதில் விழவே இல்லை.

நண்டு கையை இறக்கவில்லை. நடந்து போய், அவன் மிதித்த இடத்தைக் குனிந்து விரலால் காட்டினாள். பிறகு புள்ளி இல்லை என்று இரண்டு கையையும் குறுக்கே அசைத்தாள். கடிகாரத்தில் ஒன்று புள்ளி நாலு நொடி நின்றிருந்தது.

கட்டைக் குரல்காரர் வந்தார். முகம் சிவந்திருந்தது. குரல் மட்டும் ஆச்சரியமாகத் தணிந்திருந்தது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"இவ்வளவு கூட்டத்துல யாருமே பாக்கல."

"அவங்க பந்தைப் பாத்துட்டிருந்தாங்க. இடது கால், வெளி ஓரம், ஒரு விரல் அகலத்துக்குக் கோட்டு மேல. பந்து அப்போ ரெண்டு கையிலயும் இருந்துது."

அவர் திரும்பித் தன் டிரைவரைப் பார்த்தார். அவன் ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. பயிற்சியாளர் சற்று நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்த தன் ஆட்களை ஒவ்வொருவராகத் தோளைப் பிடித்துப் பெஞ்சுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

மருத்துவமனைக்காரர்கள் பந்தை உள்ளே எறிந்தார்கள், ஒருவன் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டான், நாத்தனார் ஹாரனை அடித்தாள். ஆட்டம் முடிந்தது.

நடுவர்களுக்கென்று இருந்த அறை ஒரு பெஞ்சும் ஒரு குழாயும் கொண்ட சின்ன அறை. நண்டு முழங்கால் பட்டியைக் கழற்றிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். தபால்காரரை இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போனார்கள்.

"கடைசியில மூலைக்கு இறங்கினியே," என்றார் அவர், "டிரைவர் நடுவுல போயிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"ஒண்ணும் பாத்திருக்க மாட்டேன்."

"அப்புறம் எப்படி இறங்கினே?"

"அவன் போகமாட்டான்னு தெரியும். அந்தக் காவல்காரனைப் பத்து நிமிஷமா பாத்துட்டுதானே இருந்தேன்."

"நானா இருந்தா அவ்வளவு தைரியமா இறங்கியிருக்க மாட்டேன்."

"நீங்க கூட இருந்திருந்தா நானும் இறங்கியிருக்க மாட்டேன் அண்ணா. அந்தக் கோடு உங்க பொறுப்பாச்சே."

கதவைத் தட்டிவிட்டுச் சலூன்காரர் எட்டிப் பார்த்தார். ஆட்டம் முழுவதையும் கடைசிப் படியில் நின்று பார்த்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முழங்காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஐஸ் பையை அழுத்தினார். வெகுநேரம் கழித்து, "நானும் பந்தைத்தான் பாத்தேன்" என்றார். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

திங்கட்கிழமை கிடங்கில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. லாரிக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் டிப்போ பக்கம். ஒருவன் கைபேசியில் யாரோ எடுத்த படத்தைக் காட்டினான். அது மறுபக்கத்திலிருந்து எடுத்தது, கோடே தெரியவில்லை. "இதுல ஒண்ணும் தெரியலையே அக்கா" என்றான்.

"அதனாலதான் நான் அந்தப் பக்கம் நிக்கல" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

தபால்காரர் ஆறு வாரத்தில் பழையபடி தெருவில் நடந்தார். சங்கத்துக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல பாடம். அடுத்த பருவத்திலிருந்து முக்கியமான ஆட்டங்களுக்கு மூன்று நடுவர்கள் என்று முடிவாயிற்று. தேர்வுக் குழுக்காரர், மூன்று பேரில் தலைமை யார் என்று கேள்வி வந்தபோது, வேறு யாரும் பேசுவதற்கு முன் நண்டைக் கை காட்டினார். அவளும் தபால்காரரும் மூன்றாவதாக வந்த வங்கி ஊழியரும் மைதானத்தைப் புதிதாகப் பங்கு போட்டுக்கொண்டு, மாதக் கணக்கில் மாலை வேளைகளில் ஓடிப் பழகினார்கள்.

புதுப் பருவத்தின் முதல் ஆட்டம் டிப்போ அணிக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கட்டைக் குரல்காரர் அவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. அன்று ஆட்டக்காரர் பட்டியலைக் கொண்டுவந்து அவளிடமே நீட்டினார்.

"இன்னைக்கு எத்தனை பேர் ஊதறீங்க?"

"மூணு பேர்."

அவர் திரும்பித் தன் பெஞ்சைப் பார்த்தார். மெக்கானிக் சட்டையை இழுத்துக் காற்சட்டைக்குள் சொருகிக்கொண்டிருந்தான். "போன தடவை ஒரு ஆள் இருந்தப்பவே எங்களால ஒண்ணும் பண்ண முடியல" என்றார். "இனிமே ஒழுங்கா ஆடறதைத் தவிர வேற வழியில்ல போலிருக்கே."

"ஆடுங்க" என்றாள் நண்டு. பந்தை எடுத்துக்கொண்டு நடு வட்டத்துக்கு நடந்தாள்.